கடைசி நான்கு கட்டங்கள்

எங்கள் வீட்டில் நான், என் தங்கை, அவள் வீட்டுக்காரர் என்று மூன்றே பேர். சாப்பாட்டு மேசை மட்டும் ஆறு பேருக்கு. அதற்குக் கடையில் ஒரு விரிப்பு வாங்கிப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். தங்கைக்குப் பிடிவாதம். நாற்பத்தாறு வயதிலும் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர்.

"நம்ம மேசைக்கு நம்மளே நெய்யலாம்க்கா. நீ பாதி, நான் பாதி."

எங்கள் தறி ஒடுக்கமானது. இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைக்க வேண்டும். அவள் பாதியை முதலில் அவள் நெய்தாள். நீலமும் வெள்ளையுமாக இருபது கட்டங்கள், கட்டத்துக்கு நாற்பது குறுக்கிழை. ஒவ்வொரு இழை ஓடியதும் பலகையை இழுத்து அடித்து நெருக்க வேண்டும். அடி ஒரே மாதிரி விழுந்தால்தான் கட்டம் சதுரமாக வரும். முடிக்கும் சமயத்தில் அவள் நெசவு தொளதொளவென்று போனது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

"என்னடி இது, சல்லடையா? பிரிச்சுப் போடு. மனசு போன்ல இருந்தா கை எப்படித் தறியில இருக்கும்?"

"உத்தரவு மேடம்" என்று சிரித்துக்கொண்டே பிரித்தாள். மறுபடியும் அப்படியே வந்தது. மறுபடியும் பிரிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவை எனக்கே சலித்து, எக்கேடோ கெட்டுப் போ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரி. அதற்கடுத்த மாதம் குட்டி இல்லை.

அழுதுகொண்டே என் பாதியை நெய்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். கோபத்தோடுதான் நெய்தேன். பாதியை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாளே. இருபது கட்டமும் முடிந்ததும், தறியிலிருந்து அறுப்பதற்கு முன்னால் அவள் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினாறு கட்டங்கள் கோடு போட்டாற்போல் சேர்ந்தன. கடைசி நான்கும் சேரவில்லை. அவளுடையவை ஒன்றைவிட ஒன்று நீண்டுகொண்டே போயின.

"பாருங்க மாப்பிள்ளை, உங்க பொண்டாட்டி லட்சணத்தை" என்று கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் துணியை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "அப்பல்லாம் அவ ஜாக்கெட் பட்டனைக்கூட நான்தான் போட்டுவிட்டேன்க்கா. கையில பிடிமானமே இல்லைன்னு சொன்னா. அக்காகிட்ட சொல்லாதீங்க, விரிப்பு முடியட்டும்னா."

இந்த நாக்கை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அந்த நாலு கட்டத்தை வெட்டிட்டுத் தச்சிடலாமா?" என்று கேட்டார்.

"வெட்டினீங்க, கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

என்னுடைய கடைசி நான்கு கட்டங்களைப் பிரித்தேன். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு, அடியைக் குறைத்துக் குறைத்து மறுபடி நெய்தேன். பதினேழாவது சேர்ந்தது. பதினெட்டும் பத்தொன்பதும் ஒரு நாள் பிடித்தன. இருபதாவது மட்டும் சேரவே இல்லை. எவ்வளவு மெதுவாக அடித்தாலும் என் கட்டம் குட்டையாகவே நின்றது. கடைசியில் பலகையை அடிப்பதையே விட்டு, இரண்டு விரலால் தொட்டு மெல்ல இழுத்தேன். நாற்பது இழையும் அப்படியே. அப்போதுதான் கோடும் கோடும் சேர்ந்தன.

அவ்வளவுதான் அவள் கையில் மிச்சமிருந்த பலம். அந்தப் பலத்தில் நெய்ததைத்தான் நான் இரண்டு தடவை பிரிக்க வைத்தேன்.