காட்டேரிக்கு ஒரு சத்தம்

அந்தக் காட்டேரிப் படம் வெள்ளிக்கிழமை ஓடிடியில் வெளியாகிறது. காது கேட்காதவர்களுக்காகத் திரையின் அடியில் ‘கதவு கிறீச்சிடுகிறது’, ‘நாய் ஊளையிடுகிறது’ என்று எழுத்தில் போடுவது என் வேலை. அந்தச் சத்தங்களைச் செய்வது என் கணவர் வேலை. கேரட்டை ஒடித்தால் எலும்பு முறியும், ஊறிய ஸ்பாஞ்சைப் பிழிந்தால் ரத்தம் கொட்டும். இந்தப் படம் வந்ததிலிருந்து ரத்தம் உறிஞ்சும் சத்தத்துக்காக எங்கள் ஃப்ரிட்ஜில் அழுகின தக்காளிதான் குடித்தனம் நடத்தியது. திறந்தாலே குமட்டும். பிழைப்பாயிற்றே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு சகித்தேன்.

படமும் லேசுப்பட்டதில்லை. கோட்டு போட்ட காட்டேரி ஒருவன் கண்ணில் பட்டவர்களின் கழுத்தையெல்லாம் கடிக்கிறான். கடிபட்டவள் மேக்கப் கலையாமல் சாகிறாள். ‘உறிஞ்சும் சத்தம்’ என்று தட்டித் தட்டி எனக்கு அலுத்துவிட்டது.

கடைசிக் கொலை வந்தது. காட்டேரி ஒரு கிழவரின் தொண்டையில் வாயை வைத்தான். ஹெட்போனில் கொழகொழவென்று ஒரு இழுப்பு, கூடவே மெல்லிய விசில், அடியில் களகளப்பு. என் கை கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டது.

அது தக்காளி இல்லை. அது என் அப்பா.

அப்பா சாகும்வரை எங்கள் முன்னறைக் கட்டிலில்தான் கிடந்தார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். பேச்சு போய்விட்டது. சளி கட்டும்போதெல்லாம் மெல்லிய டியூபை உள்ளே விட்டு மெஷினால் இழுத்தெடுக்க வேண்டும். நான் செய்வேன். நான் வெளியே போனால் இவர் செய்வார். அந்த விசில் அப்பாவின் குழாயில் மட்டும்தான் வரும். எத்தனை சத்தத்தோடு கலந்தாலும் எனக்குத் தெரியும்.

பக்கத்து அறைக்குப் போனேன். "அது எங்க அப்பாங்க" என்றேன்.

அவர் மறுக்கக்கூட இல்லை. "கண்டுபுடிச்சிட்டியா? உன் காது காதுதான்" என்று சிரித்தார். "என்னென்னமோ பண்ணிப் பாத்தேன், டைரக்டருக்குப் புடிக்கவே இல்ல. இதக் கேட்டதும் எந்திரிச்சே நின்னுட்டாரு. மாமா சத்தம்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"எடுத்துடுங்க. இன்னும் ரிலீஸ் ஆகலையே. ஃபைல மாத்தலாம்ல?"

"மாத்தலாம். எதுக்கு மாத்தணும்? தங்கமான மனுஷன், போற போக்குல நமக்கு ஒரு நல்லது பண்ணிட்டுப் போயிருக்காரு."

வாய் கூசாமல் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காலையில் அந்தக் கை பரிமாறியதைத்தான் சாப்பிட்டேன் என்பதே அருவருப்பாக இருந்தது.

எங்கிருந்து எதுவரை வெட்ட வேண்டும் என்று காட்ட, அவருடைய ஸ்பீக்கரிலேயே அதை ஓடவிட்டேன். டியூப் உள்ளே போகும் சத்தம் கேட்டதும் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது நர்ஸ் பழக்கிவிட்டது. டியூப் உள்ளே இருக்கும்வரை பெரியவரால் மூச்சு விட முடியாது, நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு மூச்சு முட்டினால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள் என்பாள். எங்கள் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்துத்தான் சொன்னாள்.

எனக்கு முட்டியது. சத்தம் நிற்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் முட்டியது. அது இழுத்துக்கொண்டே இருந்தது. இப்போது களகளப்புகூட இல்லை, வெறும் விசில்.

துண்டு துண்டாக எடுத்து ஒட்டியிருப்பார், இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதை அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

"எத்தன எடத்துல ஒட்டுனீங்க?"

அந்தக் கேள்வி அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது போலும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒட்டா? ஒரு ஒட்டு கிடையாது. ஒரே டேக். ஒரு கையில மைக்கு, ஒரு கையில டியூபு. ஆடாம அசையாம நின்னு எடுத்தேன்."

அப்பாவால் கத்த முடியாது. கண் மட்டும் கடைசிவரை நன்றாகத் தெரிந்தது. டேக் முடியும்வரை மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்திருப்பார்.