ஸஜீதாவின் வீல்செயார்

வான்காரர் ஸஜீதாவைத் தூக்கி வந்து கராஜ் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு அவளுடைய வீல்செயாரை உள்ளே கொண்டு வந்தார். இருக்கைக்குக் கீழே அலுமினியக் குழாய் பாதிச் சுற்றுக்கு வெடித்திருந்தது.

"ரெண்டு மணிக்குப் பண்டாரவளையில இன்டர்வியூ. கிளினிக்ல வரவேற்பு வேலை," என்றாள் ஸஜீதா. "ரெண்டு கராஜ்ல கேட்டாச்சு. அலுமினியம் ஒட்ட மாட்டாங்களாம்."

மணி பத்து. கராஜ்காரர் றுஷ்தி, நிஷாலினியைப் பார்த்தார். ஸ்பிரிங்வெளியிலிருந்து தினமும் பஸ்ஸில் அங்கே வேலைக்கு வருபவள் அவள். இரும்பை மூன்று வருஷமாக ஒட்டுகிறாள். அலுமினியத்தை ஒட்டும் டிக் வெல்டிங் மெஷின் வந்து நாலு மாதம்தான். இதுவரை தட்டையான துண்டுகளில் பழகியதோடு சரி.

"பாக்குறேன் நானா," என்றாள், றுஷ்தியை அண்ணன் முறையில் வழக்கம்போல் அழைத்து.

ஒட்டைக் காக்கும் ஆர்கன் காஸ் காற்றில் கலையாமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கினாள். வெடிப்பைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். முகமூடியை இறக்கிக்கொண்டு சூட்டைக் கூட்டும் பெடலை மெதுவாக அழுத்தினாள்.

இரும்பு உருகுமுன் சிவக்கும். அலுமினியம் அப்படி எதையும் காட்டாது. ஒரு கணம் கண்ணாடிபோல் மினுங்கும், அந்தக் கணத்தில் ஒட்டுக் கம்பியைக் கொடுத்துவிட வேண்டும். குழாய் மினுங்கியது. அவள் கை பிந்தியது. மினுங்கிய இடம் அப்படியே உள்ளே விழுந்தது.

"என்னாச்சு?" ஸஜீதா பெஞ்சிலிருந்து கேட்டாள்.

நிஷாலினி முகமூடியைத் தூக்கினாள்.

"ஓட்ட விழுந்துருச்சு. சூடு கூடிப்போச்சு. என் தப்புதான்."

"விடுங்க தங்கச்சி," என்றார் றுஷ்தி. "ரோட்டுல ஒடஞ்சு அவங்க விழுந்தா என்ன பண்றது?"

ஸஜீதா கையிலிருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இது இல்லாம நான் வாசல் வரைக்கும் போக ஏலாது. வேற வழி ஒண்ணும் இல்லையா?"

ஓட்டையை மேலே மேலே நிரப்பினால் அது பெரிதாகும் என்று நிஷாலினிக்குத் தெரியும். மூலையில் உடைந்த அலுமினிய ஏணி கிடந்தது. அதன் படிக்குழாயில் ஒரு சாண் அறுத்து, வீல்செயார் குழாய்க்குள் இறுக்கமாகப் போகும்வரை அராவினாள். கெட்ட இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துண்டைப் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகச் செருகினாள். மணி பதினொன்றரை.

இந்தத் தடவை மூச்சைப் பிடிக்கவில்லை. மினுங்கியதும் கம்பி, உடனே பெடலைத் தளர்த்தல். விரலகலம் ஒட்டிவிட்டு நிறுத்தினாள். ஆறியதும் அடுத்த விரலகலம். நடுவில் மெஷினின் ஊசிமுனை உலோகத்தில் பட்டு அழுக்கானது. வான்காரர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவசரப்படாமல் முனையைத் தீட்டி மறுபடி ஆரம்பித்தாள்.

ஒட்டு மேடும் பள்ளமுமாக இருந்தது. ஓட்டை எங்கும் இல்லை.

முதலில் நிஷாலினியே அதில் உட்கார்ந்து குலுக்கிப் பார்த்தாள். "நானா, நீங்க ஒக்காருங்க."

"நான் ஒக்காரவா? தொண்ணூறு கிலோ!"

"அதுக்குத்தான்."

றுஷ்தி உட்கார்ந்தார். வாசல் படியில் இரண்டு முறை இறக்கிப் பார்த்தார்கள். நிஷாலினி மண்டியிட்டு ஒட்டைத் தடவினாள். கீறல் இல்லை.

"போய்ட்டு வந்ததும் கொண்டாங்க, திரும்பப் பாக்கணும்," என்றாள். ஸஜீதா தலையசைத்தாள். வான் புறப்படும்போது பன்னிரண்டே முக்கால்.

நிஷாலினி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. நாலு மணிக்கு றுஷ்தியின் போன் அடித்தது. அவர் அதை அவளிடமே நீட்டினார்.

"திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க!" என்றாள் ஸஜீதா. "செயாருக்கு ஒண்ணும் ஆகல்ல. நீங்க சாப்பிட்டீங்களா?"

"இப்பத்தான் சாப்பிடப் போறேன்," என்றாள் நிஷாலினி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.