ஒன்பதாம் தேதி வரை

கேப்டன் கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்பக்கம், மறுபடி கொஞ்சம் கீழே. அவர் முதுகுக்குப் பின்னால் பெட்டியில் அம்மா கிடந்தாள். மூன்று மணிக்கு எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கேப்டன் நாலு வார்த்தை பேசுவார் என்று சித்தி வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"பாப்பா, நேரா இருக்கா பாரு," என்றார் இறந்தவளின் மகளிடம். பாப்பாவுக்கு வயது ஐம்பத்திரண்டு.

"மெடல் நேராத்தான் இருக்கு மாமா."

கேப்டன் என்றால் கேப்டனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அப்பா இருந்த பட்டாளத்தில் சாப்பாட்டுக் கணக்கு எழுதிய குமாஸ்தா. யாரோ மரியாதைக்கு அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் வேண்டாமென்று சொல்லவில்லை, ஒட்டிக்கொண்டது. மெடலும் போர்முனைக்குப் போய்வந்த எல்லோருக்கும் கொடுத்ததுதான்.

அவர் சொல்லும் கதை இந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்பாவுக்கு நாலாம் தேதி அடிபட்டது. ஒன்பதாம் தேதி வரை உயிரோடு கிடந்தார். வலி தாங்காமல் கத்தினார், அம்மா பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். கேப்டன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஊட்டினார். வருஷா வருஷம் அந்த நாட்களில் அம்மா கட்டிலில் படுக்க மாட்டாள், வெறும் தண்ணீர்தான் குடிப்பாள். "அவரு அங்க கத்திக்கிட்டுக் கிடந்தப்ப நான் இங்க உன்னைத் தொட்டில்ல போட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தேன்டி," என்பாள். ஒன்பதாம் தேதி கேப்டன் வருவார். கதையை முதலிலிருந்து சொல்வார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

போன மாதம் அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒன்றுதான் கேட்டாள். "அங்க ஒரு டாக்டராவது அவரைப் பாத்தாரான்னு தெரிஞ்சாப் போதும்." அதற்காகத்தான் மகள் ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். மூன்று சனிக்கிழமை.

பட்டாளத்தின் நாட்குறிப்பை எழுதிய அதிகாரி மகா ரசிகர். கர்னலின் நாய் காணாமல் போனதற்கு நாலு வரி, நாயின் பேரோடு. நாலாம் தேதிக்கு ஒரே வரி: மழை, சிப்பாய் ஒருவர் இறப்பு. பேர் இல்லை. அடேயப்பா, என்ன ஒரு மனசு என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த காகிதக் கட்டை வாங்கினாள்.

அது மருத்துவ முகாமின் பதிவேடு. அதில் அப்பாவின் பேரும் நம்பரும் இருந்தன. நாலாம் தேதி, காலை ஆறு நாற்பது. தலையில் குண்டு. கொண்டுவரும்போதே உயிர் இல்லை. அன்று மாலையே அடக்கம்.

பிறகு சாப்பாட்டுப் பட்டியல். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. எல்லா நாளும் அப்பா பேருக்கு நேரே ரொட்டி வழங்கியதாகக் குறி. கீழே கேப்டனின் கையெழுத்து, வாலைச் சுழித்துக்கொண்டு.

"அந்தக் காலத்துக் குழப்பம்மா, தேதி மாறியிருக்கும்," என்றார் காப்பக அலுவலர். அவளுக்கா தெரியாது? இருபத்தாறு வருஷமாக ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தின் மேற்பார்வை அவளுடையது. காலையில் செத்த நோயாளியின் பேரில் ராத்திரிச் சாப்பாடு வாங்கித் தின்றவர்களை எத்தனை தடவை பிடித்திருக்கிறாள்!

நகலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். அம்மாவுக்கு அன்று காலையே நினைவு தப்பியிருந்தது. காதோடு வாய் வைத்துச் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். "அப்பா கத்தலம்மா. ஒரு நிமிஷம்கூடக் கத்தல." கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள், அதாவது இன்று விடியற்காலையில், மூச்சு நின்றது.

"மாமா, கொஞ்சம் உள்ளே வாங்க."

சமையலறையில் நகல்களை அவர் கையில் கொடுத்தாள். கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்து முடித்த பிறகும் படிப்பதுபோலவே நின்றார்.

"எங்க பிடிச்ச இதை?"

"உங்க கையெழுத்துதானே?"

"எல்லாரும் செஞ்சதுதான் பாப்பா. செத்தவன் பேரை உடனே அடிக்க மாட்டோம். அந்தப் பசி உனக்குத் தெரியாது."

"பசிச்சுது, தின்னீங்க. அதை நான் கேக்கல. அவரு கத்தினாருன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"நான் பேரை அடிச்ச ஒன்பதாம் தேதிதான் வீட்டுக்குப் போன தந்தியில இருந்துச்சு. அவரு நாலாம் தேதி விழுந்தது பத்துப் பேருக்குத் தெரியும். உங்கம்மா வந்து கேட்டாங்க. நடுவுல அஞ்சு நாள் இருக்கே, எதையாவது சொல்லித்தானே ஆகணும்?"

"மயக்கமாவே கிடந்தாருன்னு சொல்லியிருக்கலாமே."

"முதல்ல அப்படித்தான் சொன்னேன்." கேப்டன் மூக்கை உறிஞ்சினார். "சொல்லச் சொல்ல... அதுவா வந்துருச்சு."

அவளுக்கு அவரை அடிக்கக்கூடத் தோன்றவில்லை. அப்பாவின் ரொட்டியைத் தின்றுவிட்டு அப்பாவுக்கே ஊட்டியதாகச் சொன்ன வாய்!

"வெளியே போய் நடந்ததைச் சொல்லுங்க."

"இத்தனை பேர் முன்னாலயா? போனவங்களுக்கு இனிமே அதனால என்ன..."

"நான் சொன்னது அம்மா காதுல விழுந்துச்சான்னே தெரியல. உங்க பேச்சைத்தான் அம்பது வருஷமாக் கேட்டாங்க. நீங்களே சொல்லுங்க. இல்லைன்னா இந்தப் பேப்பரை நான் சத்தமாப் படிப்பேன்."

அவர் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றார். கூடம் அடங்கியது. சித்தி முந்தானையைக் கையில் எடுத்துத் தயாரானாள்.

"நாலாம் தேதி," என்றார் கேப்டன். "காலையில தண்ணி எடுக்கப் போனார். ஒரே குண்டு. கத்தல. யாரையும் கூப்பிடல." மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. "நான் பக்கத்துல இல்ல."

அவ்வளவுதான். பின்வரிசையில் யாரோ, "பாவம், வயசாயிடுச்சு, எல்லாம் மறந்துபோச்சு," என்றார்கள். ஒருவர் எழுந்து அவருக்கு நாற்காலி கொடுத்தார்.

"என்னடி, மாத்தி மாத்திச் சொல்றாரு?" என்றாள் சித்தி.

"இப்பதான் சித்தி சரியாச் சொல்றாரு."

சித்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் அந்த நாட்களில் கஞ்சியை வைத்துக்கொண்டு அக்காவிடம் கெஞ்சியவள் அவள்தான்.

"அப்ப அக்கா பட்டினி கிடந்ததெல்லாம்..."



மூன்று மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்து, தன் உரிமைபோலத் தலைமாட்டுப் பக்கக் கைப்பிடியைப் பிடித்தார். அவள் கிட்டே போய் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அந்த இடத்தில் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து தூக்கினாள்.

கனமே இல்லை.