இடப்பக்கம் ஒன்றரை மில்லி

முதலில் அளவை எழுதிவிடுகிறேன். பழைய தூண்டில் முள்ளின் காது இரண்டு மில்லிமீட்டர், புதியது நான்கு. கம்பியும் தடிமன். அதை வைத்தால் அக்காவின் அலுமினிய அச்சு மூடவே மாட்டேன் என்கிறது. முள்ளுக்கு ஈயத்தில் தலை வார்க்கும் அச்சு அது. புத்தகம்போல இரு பாதியாகத் திறக்கும். அக்காவே செய்தது. ஒன்றுதான் இருக்கிறது.

லிஃப்ட் பழுதுபார்க்கும்போது மணிக்கட்டு நசுங்கியதிலிருந்து, அக்காவின் வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்வில்லை. முள்ளின் சின்னக் காதில் தூண்டில் நரம்பு கோக்க வரவில்லை. ஏரிக்குப் போய் ஐந்து மாதமாகிறது. நான் கோத்துத் தருகிறேன் என்றதற்கு, "நீ கோத்துக் குடுத்து நான் வீசணுமா? அப்படியே மீனையும் நீயே புடிச்சு நீயே தின்னுடு" என்றாள். தூண்டில் கழிகளை யாருக்காவது கொடுத்துவிடப்போவதாகவும் சொன்னாள். அன்றைக்குத்தான் பெரிய காதுள்ள முள் வாங்கினேன். அவளிடம் கேட்டுக்கொண்டு, அச்சை என் உலோக வேலை மாலை வகுப்புக்கு எடுத்துப்போனேன்.

மூன்று நாள் அளந்தேன். காதுக்கான பள்ளம் இடப்பக்கம் ஒன்றரை மில்லி தள்ளி வரவேண்டும். ஒரு பாதியில் குறித்து அராவினேன். மற்ற பாதியிலும் இடப்பக்கமே குறித்து அராவினேன். மூடியபோதுதான் உறைத்தது: மூடினால் அதன் இடப்பக்கம் வலப்பக்கமாகிவிடும். சரியான பக்கத்தில் இன்னொரு பள்ளம் அராவி முள்ளை உட்காரவைத்துவிட்டேன். ஆனால் தப்பாக அராவியதை எதைக் கொண்டு அடைப்பது? வீடு திரும்பும் பேருந்தில் நோட்டைத் திறந்து நான்கு முறை கணக்குப் போட்டேன். நான்கு முறையும் தப்பு என்னுடையதுதான்.

பின்வாசலில் அக்கா இடது கையால் உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றினாள். ஆறியதும் திறந்தாள். முள் நேராக இருந்தது. காதுக்குப் பக்கத்தில், வேண்டாத பள்ளத்துக்குள் ஓடிய ஈயம் சின்னத் துடுப்புபோல நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னடீ இது, றெக்க மொளச்சிருக்கு?"

சொன்னேன், மில்லிக் கணக்கு உட்பட.

"மூணு நாள் அளந்தியே மகராசி, ஒரு தடவ மூடிப் பாத்தியா?"

"குறடால வெட்டிடறேன்க்கா."

"இரு. கைய வைக்காத."

அவள் விரல்களில் முள்ளின் உருண்டை ஈயத் தலை எப்போதும் உருண்டு நழுவும். இப்போது துடுப்பை வலது கையின் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் செருகினாள். உருளவில்லை. இடது கையால் நரம்பை எடுத்தாள். முதல் தடவை காதுக்கு மேலே போனது. இரண்டாவது, கீழே. என் கை தானாக நீண்டது.

"ஏய் அளவுகோல்!"

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். எத்தனை தடவை முயன்றாள் என்று எண்ணவில்லை. நான் எண்ணாமல் இருப்பது அபூர்வம். என் விரல்கள் மரத்துப்போயின. நரம்பின் நுனி காதின் மறுபக்கம் தெரிந்தது, ஒரு மில்லிகூட இருக்காது. அதைப் பல்லால் கவ்வ அக்கா மெல்லக் குனிந்தாள்.