தும்புக் கிட்டங்கியின் மணி

கலிமாச் சத்தம் படியிறங்கித் தெருவுக்குப் போனபோதும் உம்மு குல்தூம் அறையை விட்டு அசையவில்லை. அவள் புருஷன் மக்கீனின் ஜனாஸா அடக்கத்துக்காக மாளிகாவத்தை மையவாடிக்குப் புறப்பட்டுவிட்டது. கடைசியாக முகம் பார்க்க வரும்படி பீபி மாமி எத்தனை தரம் கூப்பிட்டாள்! மாட்டேன் என்றுவிட்டாள். அழுகையைவிடக் கோபம்தான் அவளுக்கு.

நேற்று மத்தியானம் கொட்டாஞ்சேனையில் அவன் வேலை செய்த, தேங்காய்த் தும்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நெருப்பு. மேல்மாடியில் புகையில் மூச்சுமுட்டி இறந்தது மக்கீன் ஒருவன்தான்.

"மணி அடிச்சது, தங்கச்சி. மச்சான்தான் எறங்கல்ல. தும்பக் காப்பாத்தப் போறேண்டு நிண்டாரு," என்று அவள் அண்ணன் ஸாலிஹ் நானா நேற்றிரவு கண்ணைத் துடைத்தார். கிட்டங்கிக்குப் பொறுப்பு அவர். மக்கீனுக்கு அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். மேல்மாடியா என்று அன்று அவள் பயந்தபோது, "முனிசிப்பல்டிச் சட்டப்படி நெருப்பு மணி ஈக்கிது. சத்தம் கேட்டா ஒடனே எறங்கலாம்," என்று அடித்துச் சொன்னவர். கூடப்பிறந்தவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

ஆண்கள் போனதும் வீடு ஓய்ந்தது. புருஷன் இறந்து இத்தா இருப்பவளைத் தகப்பன், கூடப்பிறந்தவர் தவிர அந்நிய ஆண் எவரும் பார்க்கக்கூடாதென்று மாமி அறைவாசலில் திரை கட்டியிருந்தாள். அதற்கப்பால் யாரோ செருமினார்கள்.

"தங்கச்சி, நான் ஹியூபேட். மக்கீனோட வேல செஞ்சவன்."

"மணி கேட்டும் என்னத்துக்கு அவர் நிண்டார்?" என்று வெடித்தாள் குல்தூம்.

ஹியூபேட் திரைக்குக் கிட்ட வந்தான்.

"மணி எங்க அடிச்சது? கயித்த இழுத்தவன் நான். மணி நாக்கச் சாக்கால சுத்திக் கட்டியிருந்தது. தொண்ட கிழியக் கத்தினேன், மேல கேக்கல்ல."

"ஆர் கட்டின?"

"பொடியன்மார் சும்மா சும்மா அடிக்கிறாங்க, வேல நிக்குது எண்டு துரை ஏசினார். உங்கட ஸாலிஹ் நானாதான் கட்டினார். பாவம், மக்கீனுக்குத் தெரியாது."

ஒரு பாவமும் அறியாத மனுஷனை ராத்திரி முழுக்க ஏசியிருக்கிறாள் குல்தூம். அந்த முகத்தை இனி எங்கே போய்ப் பார்ப்பாள்? படுபாவி நானா, அதையும் பறித்துவிட்டாரே!

மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு கேட்கும் நேரத்தில் ஸாலிஹ் திரும்பினார். திரையை விலக்கி, "அடக்கியாச்சு, தங்கச்சி," என்றார்.

அவள் முக்காட்டை முகம் மறைய இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"மாமி, ஆரோ அந்நிய ஆம்பிள உள்ளுக்கு வந்தீக்கிறார். வெளிய போகச் சொல்லுங்க."

ஸாலிஹ் திரையைப் பிடித்தபடியே நின்றார். அவர் நகக்கண்ணில் மையவாடி மண் இன்னும் ஈரமாக இருந்தது.