பதினைந்து குழி மனையும் ஒரு ‘நாங்க’வும்

தூதராகிவிட்டதாகத் தம்பி பகலவன் போனில் சொன்னபோது வேம்பு கேட்ட முதல் கேள்வி, “எந்த நாட்டுக்குடா?” என்பதுதான்.

“இந்தியாவுக்குக்கா.”

அவளுக்குத் தலை சுற்றியது. இங்கே பிறந்தவனை இங்கேயே தூது அனுப்புவார்களா? அப்படியென்றால் இவன் யார் பக்கம்?

விஷயம் இதுதான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்துப் பிள்ளை அவன். மண்ணைப் பற்றிப் படிக்க இருபத்து மூன்று வயதில் ஒரு குளிர்நாட்டுக்குப் போனான். அதன் பெயரைச் சொல்ல வேம்புக்கு இன்றும் நாக்கு சுளுக்கும்; நாமும் குளிர்நாடு என்றே வைத்துக்கொள்வோம். அங்கே பேராசிரியரானான், அந்நாட்டுக் குடிமகனானான். உப்பேறிய நிலங்களை மீட்பது பற்றி நாடு நாடாகப் போய்ப் பேசினான். இவன் பேச்சுக்கு ஆட்கள் மசிகிறார்கள் என்று கண்டுகொண்ட அந்த அரசாங்கம், அவனை டெல்லிக்கு அனுப்பிவிட்டது.

வேம்புக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வீட்டை ஒட்டிய பதினைந்து குழி மனையைத் தம்பி திரும்பி வந்து வீடு கட்டுவான் என்று சும்மா போட்டு வைத்திருந்தாள். அதில் நான் கட்டிக்கொள்கிறேன் என்று மகன் சேரன் ஆறு வருடமாக நச்சரிக்கிறான். “மாமாவ ஒரு வார்த்த கேளும்மா” என்பான். கேட்டு, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் அவள் கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாகத் தம்பி ‘நாம’ என்கிறானா, ‘நாங்க’ என்கிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தாள். “நாங்க இங்க ஆறு மாசம் வெயிலே பாக்க மாட்டோம்” என்றால் சுருக்கென்று இருக்கும். “நாம எப்பக்கா நடவு நடுறோம்?” என்றால் அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது.

தை மாதத்தில் திருவாரூரில் ஒரு கல்லூரி விழாவுக்கு வந்தான். கொடி கட்டிய காரில் அக்காவையும் ஏற்றிக்கொண்டான்.

“தமிழ்ல பேசச் சொல்லிட்டாங்கக்கா” என்றான் வழியில். “இங்கிலீஷ்ல ‘வீ’ன்னு ஒரே சொல்லுதான், எல்லாரும் அதுக்குள்ள அடங்கிடுவாங்க. முப்பது வருஷமா அதுலயே ஓட்டிட்டேன். தமிழ்ல வசமா மாட்டிக்கிட்டேன். நாமன்னு சொன்னா, நீ யாரோட ஆளுன்னு எங்க அரசாங்கம் கேக்கும்.”

இவனும் அதே சொல்லில்தான் தடுக்கி நிற்கிறானா! வேம்புக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. “அப்ப என்ன சொல்லப் போற?”

“பாப்போம்.”

மேடையில் அவன் ஒரு தடவைகூட ‘நாம்’ என்று சொல்லவில்லை. “நாங்கள் உங்கள் மண்ணுக்குத் துணை நிற்போம்” என்றபோது கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் வேம்பு மட்டும் மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உத்தியோகத்துக்காகச் சொல்கிறான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மனையோரம் நின்றபோது அதற்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை.

“உத்தியோகம் முடிஞ்சப்புறம் வந்துடுவியாடா? இந்த எடம் உனக்காகத்தான் கெடக்கு.”

நாடுகளுக்கு நடுவே நழுவி நழுவிப் பேசியே பேர் வாங்கியவன், அவளிடம் நழுவவில்லை.

“இல்லக்கா. நாங்க அங்கயே இருந்துடுவோம். பிள்ளைங்க, பேத்தி எல்லாம் அங்கதான். சேரனக் கட்டிக்கச் சொல்லு.”

அவளுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருடம் காத்துக் கிடந்தேனே என்று கோபமும் வந்தது. ஆனாலும் ஏதோ பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது. அது எப்படி என்று அவளுக்கே விளங்கவில்லை.

கார் கிளம்பும் நேரத்தில் கண்ணாடிப் பக்கம் குனிந்து, “பாத்துப் போயிட்டு வாங்க” என்றாள்.

பகலவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கியேவிட்டான். “என்னக்கா, விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி சொல்ற?”

வேம்பு அவன் கன்னத்தைத் தடவினாள்.

“விருந்தாளிதானேடா.”