முழு வாக்கியமாகச் சொல்லவும்

1

இந்தக் கதை ஒரு போன் பேச்சில் பிறந்து வயிற்றெரிச்சலில் வளர்ந்தது. கதைகள் அமைதியான மனத்தில்தான் பிறக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவருக்கு என் அண்ணி போன் செய்ததில்லை என்று அர்த்தம்.

அண்ணி ஒரு சரக்குக் கிடங்கில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். லாரிகள் பின்பக்கமாக வந்து சுவரோரம் ஒதுங்கிச் சரக்கு இறக்கும் இடம். ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பாஷை, இறக்குகிறவர்களுக்கு வேறு பாஷை. அதனால் நிர்வாகம் எல்லோருக்கும் பொதுவாக ஆங்கிலத்தை வைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு.

"ஒருத்தன் கை போச்சு. நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தால போச்சு" என்றார் அண்ணி. அழவில்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லிவிட்டுப் படுக்கப் போயிருப்பேன்; நீங்களும் தப்பித்திருப்பீர்கள்.

2

முதல் தொடக்கம்: கிடங்கின் மேல் மேகங்கள் கவலையோடு கூடி

(மேகத்துக்கு என்ன கவலை? அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: நெட்டைக்கு ஆங்கிலம் என்றாலே வயிற்றைக் கலக்கும்.

பொய். நெட்டை என்பவன் லாரிக்குப் பின்னால் நின்று, வா, நில் என்று வழிகாட்டுகிறவன். அவனுக்கு ஆங்கிலம் பிடித்திருந்தது. வராது என்பது அவனுடைய மேனேஜர் சொல்லும் கதை. அந்த ஆளுக்கு நான் எதற்கு இலவசமாக எழுதித் தர வேண்டும்?

மூன்றாவதாக இப்படித் தொடங்குகிறேன். இனி அண்ணியை டீச்சர் என்றே எழுதுகிறேன். அண்ணி என்று எழுதினால் பாசம் வந்து கையைப் பிடிக்கிறது.

டீச்சருக்கு ஆங்கிலத்தில் ரொம்பப் பிடித்தவை குட்டிச் சொற்கள். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொன்னால் ஆங்கிலேயருக்கு மனம் ஆறாது. முன்னால் ஒரு குட்டிச் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். பிஹைண்ட் என்றால் பின்னால். ரைட் பிஹைண்ட் என்றால் முதுகுக்கு நேர் பின்னால். பிலோ என்றால் கீழே. வெல் பிலோ என்றால் நன்றாகவே கீழே. ஜஸ்ட் இன்சைட் த கேட் என்றால் வாசலைத் தாண்டின கையோடு. டீச்சர் ஒரு டம்ளரை மேசைமேல் நகர்த்தி நகர்த்தி இதையெல்லாம் காட்டுவார். முதலில் பதில் சொல்கிறவன் எப்போதும் நெட்டை.

ஆல்மோஸ்ட் ரைட் அப் அகெயின்ஸ்ட் த வால். அதாவது, கிட்டத்தட்டச் சுவரை ஒட்டிவிட்டது. "பாருங்கப்பா, ஒரு விரல் இடைவெளியைச் சொல்ல எத்தனை சொல்லு சேர்ந்து வருது!" என்று டீச்சர் பூரித்துப்போவார். அந்தப் பூரிப்பை நான் குறை சொல்லவில்லை. வகுப்பறைக்குள் அது அழகான வாக்கியம்தான்.

3

மேனேஜரை எழுதும்போது என் பேனா நிதானத்தில் இல்லை. முதலில் அவருக்குக் கோணல் சிரிப்பு கொடுத்தேன். அடித்தேன். நியாயமாக இருப்போமே என்று நோயாளித் தாய் ஒருத்தியைக் கொடுத்தேன். அதையும் அடித்தேன். உண்மையில் அவர் யாரையும் திட்டாதவர். பெருக்குகிறவரிடம்கூடத் தேங்க்ஸ் சொல்வார். அவருடைய கோளாறே அந்த மரியாதைதான்.

முன்பெல்லாம் நெட்டை லாரியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் வா. படபடவென்று தட்டினால் நில். எந்த பாஷைக்காரனுக்கும் புரிந்தது. மேனேஜருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"வெளியிலேருந்து பார்ட்டிங்க வர்றாங்க மேடம். சந்தை மாதிரி தட்டுறதும் கத்துறதும் நல்லாவா இருக்கு? வாக்கிடாக்கியில, முழு வாக்கியமா, மரியாதையா சொல்லட்டும். முதல்ல லாரி எங்க இருக்குன்னு சொல்லணும். அப்புறம் ப்ளீஸ். கடைசியா ஸ்டாப்."*

"அவசரத்துக்கு ஸ்டாப்னு மட்டும் சொன்னா போதாதா சார்?"

"பழகிட்டா எல்லாம் வேகமா வரும் மேடம்."

டீச்சர் மென்று விழுங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார். பாதியில் நிறுத்துகிறவனை முதலிலிருந்து சொல்ல வைத்தார். நெட்டை ஒருமுறை ஸ்டாப் என்று மட்டும் சொன்னபோது, "முழுசா, முழுசா" என்று விரலை ஆட்டினார். ஓட்டுகிறவர்களுக்குத் தனி வகுப்பு. ஸ்டாப் என்று காதில் விழுந்தால்தான் பிரேக் என்பது அங்கே பாடம்.

* நில் என்ற சொல்லைக் கொண்டுபோய்க் கடைசியில் வைக்கிறவனை என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்வது அச்சில் ஏறாது.

4

லாரி பின்னால் வருகிறது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க, லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒருவன் நுழைகிறான். நெட்டையின் மச்சான், மனைவியின் தம்பி. நெட்டை பார்த்துவிட்டான். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோகிறான்.

யூ ஆர்

மச்சான் கட்டையைக் குனிந்து எடுக்கிறான்.

ஆல்மோஸ்ட் ரைட் அப்

நிமிர்கிறான். லாரியின் பின்பக்கம் முகத்துக்கு நேரே. ஒரு கையை அதன்மேல் ஊன்றித் தள்ளுகிறான். லாரியையா தள்ள முடியும்?

அகெயின்ஸ்ட் த வால், ப்ளீஸ்

(இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால் வாக்கியம் இன்னும் முடியாமல் கிடந்தது.)

ஸ்டாப்.

ஒரு பிழை இல்லை. வாக்கியம் முடிந்தபோது மச்சானின் வலது கை லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது.

5

நெட்டையின் மனைவி ஆஸ்பத்திரியில் தம்பி பக்கத்திலேயே கிடக்கிறாள். புருஷனிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். "என் தம்பின்னு தெரிஞ்சும் ஒரு கத்து கத்த உனக்கு வாய் வரலையா?" அவன் தலையைக் குனிந்துகொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். பிறகு அவள் அவனிடம் பேசவில்லை.

நிர்வாகம் விசாரணை வைத்தது. கிடங்கின் முதலாளி, மேனேஜர், டீச்சர், நெட்டை, அடிபட்டவன் சார்பில் அக்கா. பழியை நெட்டையின் தலையில் கட்டி அவனை வேலையை விட்டு அனுப்பினால் விஷயம் முடிந்தது. மேனேஜர் முன்கூட்டியே டீச்சரைத் தனியாகப் பார்த்திருந்தார். "நீங்க பொய் சொல்ல வேண்டாம் மேடம். சுமாரா படிக்கிறவன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

டீச்சர் வாயே திறக்கக் கூடாது என்ற முடிவோடு போய் உட்கார்ந்தார்.

"இவனுக்கு ஆங்கிலம் வராது சார். தடுமாறியிருக்கான்" என்றார் மேனேஜர்.

முதலாளி நெட்டையைப் பார்த்தார். "எங்கே, அன்னிக்கு சொன்னதை இப்ப சொல்லு பார்ப்போம்."

நெட்டை எழுந்தான். வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, யூ ஆர் தொடங்கி ஸ்டாப் வரை, ஒரு குட்டிச் சொல் குறையாமல் சொன்னான்.

"கரெக்ட்" என்றார் டீச்சர்.

சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. யாராவது ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொன்னால் அவர் வாயில் தானாக வரும் சொல் அது. மேனேஜரின் முகம் வெளுத்துவிட்டது.

நெட்டையின் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"என்ன கரெக்ட்? இவரு என்ன சொன்னாரு? கத்தாம எதுக்கு இவ்வளவு நேரம் பேசினாரு?"

"மிச்சத்தைத் திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்று மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

6

"நீ எழுதுறவதானே? திங்கட்கிழமை அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்கத்தான் அண்ணி போன் செய்தார். அண்ணன் பின்னாலிருந்து, "நமக்கெதுக்கு வம்பு? வேலை போயிடும்" என்று முணுமுணுப்பது கேட்டது.

முடிவு ஒன்று: டீச்சர் மேசையைத் தட்டி எழுந்து மேனேஜரை வெளுத்து வாங்குகிறார். இரண்டு பக்கம் ஆசை தீர எழுதிப் படித்துக் காட்டினேன். "இது நான் பேசுறதில்ல, நீ பேசுறது. அந்த ஆளு சொன்னாரு, சரி. சொல்லிக்கொடுத்தது யாரு? விரலை ஆட்டினது யாரு?" என்று அண்ணி கேட்டார். இரண்டு பக்கத்தையும் அடித்தேன்.

முடிவு இரண்டு: "சுமாராத்தான் படிப்பான்" என்கிறார் டீச்சர். நெட்டை வேலையிழந்து, பேசாத மனைவி இருக்கும் வீட்டுக்குப் போகிறான். எழுதின காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

முடிவு மூன்று: மேனேஜர் மனம் திருந்தி

(போதும்.)

ஆகவே நான் இந்தக் கதையை முடிக்கப் போவதில்லை. நீங்கள் போய் டீச்சர் நாற்காலியில் உட்காருங்கள். எதிரே ஒருத்தி இருக்கிறாள். தன் புருஷன் தன் தம்பியைக் காப்பாற்ற நினைக்கவே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர். அவள் கேட்டாயிற்று, பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் புரிகிற பாஷையில் சொல்லுங்கள். கிடங்கு, விதிமுறை, சூழ்நிலை என்று சுற்றி வராதீர்கள். மரியாதைக்கு இரண்டு வார்த்தை சேர்க்காதீர்கள். விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.